பக்கத்திலதானே லண்டன்

சுவிசின் எங்கடின் மலைப் பள்ளத்தாக்கிலிருந்து சூரிச் விமான நிலையத்துக்கு ரயிலில் மூன்றரை மணித்தியாலம். அங்கிருந்து லண்டனுக்குப் பறப்பதோ ஒன்றேமுக்கால்தான். மணிக்கூட்டைப் பார்த்தால் அதுவுமில்லை. லண்டன் ஒரு மணித்தியாலம் பிந்தி நடக்கிற ஊர் என்பதால் முக்கால் மணித்தியாலத்தில் போய் இறங்கிவிடலாம். இவ்வளவு கிட்ட இருந்ததுதான் நித்தியானந்தனுக்கு வந்த வினை.

மகள் லக்சனா கலியாணம் செய்து லண்டன் போய் ஆறு வருசம். "பக்கத்திலதானே, நினைச்சாப் போகலாம்" என்று ஹோட்டல் சமையல் வேலையைச் சாட்டி ஒவ்வொரு சீசனாகத் தள்ளிப்போட்டார். மனைவி தில்லைநாயகி போன மாரியில் கண்ணை மூடினாள், மகள் வீட்டுப் படியை மிதிக்காமலே.

இப்போது லக்சனாவுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்கு மருந்தாகச் சரக்குக் கறி காய்ச்சிக் கொடுக்கத் தாய் இல்லை. "நான் வாறன் பிள்ளை. அம்மா இடிக்கிற மாதிரியே சரக்கு இடிச்சுக்கொண்டு வாறன்" என்று போனில் சொல்லிவிட்டார். மல்லி, மிளகு, சீரகம், வேர்க்கொம்பு எல்லாம் வறுத்து இடித்துப் பையில் கட்டியாயிற்று.

ரயிலோ திங்கள் காலை, சரியாக ராகுகாலத்தில். அதற்கும் வழி இருக்கிறதே! நல்ல நேரத்தில் ஒரு பையை வீட்டுக்கு வெளியே வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கியதாகக் கணக்கு. ஞாயிறு மத்தியானமே சரக்குப் பையைக் கீழ்வீட்டுச் சதீசனிடம் கொடுத்து வைத்தார்.

காலையில் சிவப்பு ரயில் மெல்ல வளைந்து இறங்கியது. மலையெல்லாம் மரங்கள் மஞ்சளாகி நின்றன. பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு விமானம் ஏறியதுகூட அரைத்தூக்கத்தில்தான். மேகம் பஞ்சுபோலக் கீழே கிடந்தது. பக்கத்து இருக்கையில் தில்லைநாயகி இருந்து யன்னலால் எட்டிப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, இவ்வளவு கிட்டவோ?"

அவர் கண்ணைத் துடைத்தார்.

"சரி, அழாதேங்கோ. சரக்கு எங்க?"

திடுக்கிட்டு விழித்தார். ஐயோ! நல்ல நேரம் பார்த்துப் புறப்பட்ட பை சதீசன் வீட்டிலேயே நின்றுவிட்டது.

மகள் கதவைத் திறந்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "வெறுங்கையோட வந்திட்டன் பிள்ளை."

லக்சனா சிரித்தாள். "இதுக்கோ அழுறியள்? இந்த ரோட்டிலயே மூண்டு தமிழ்க்கடை இருக்கப்பா."

மருமகன் ஓடிப்போய் எல்லாம் வாங்கிவந்தான். நித்தியானந்தன் சட்டைக்கையை மடித்துவிட்டு வறுக்கத் தொடங்கினார். மிளகு வெடித்து வாசம் வீடு முழுக்கப் பரவ, அறைக்குள் குழந்தை தும்மியது. லக்சனா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சமையலறை வாசலில் வந்து கண்ணை மூடி நின்றாள்.

"அம்மா வந்து நிக்கிற மாதிரிக் கிடக்கப்பா."

அவர் திரும்பிப் பார்க்காமல் கரண்டியால் கிண்டினார்.

"ஓம் பிள்ளை. என்னோடதான் வந்தவ."