காய்ச்சலில் கேட்ட 'தியோ'

இதை எழுதலாமா, எழுதினால் தெய்வக்குற்றமாகுமா என்று பல வருடம் தள்ளிப்போட்டவள் நான். ஐரோப்பாவில் என்றோ செத்துப்போன கோத்திக் என்ற பாஷை இன்றைக்கும் உயிரோடு இருந்தால் எப்படிப் பேசுவார்கள் என்று யாரோ புதிதாகச் சொல் கட்டுகிறார்களாம். போன கிழமை மகள் அதைப் போனில் காட்டியபோது, மூக்கில் சாம்பிராணியும் தென்னம்பாளையும் மணக்க, எல்லாம் திரும்பி வந்தது.

எங்கள் கடற்கரை ஊரான மாங்கேணியில் எங்கள் ஆட்கள் வேடர் வழி. பேசுவது தமிழ்தான். எங்கள் பழைய பாஷை, சடங்கில் கப்பல் தெய்வம் உருவந்து ஆடும்போது பூசை செய்யும் கட்டாடியாரின் வாயில் மட்டும் மிஞ்சியிருந்தது. "அது நம்மட வாயில சாகாம இருந்திருந்தா இப்ப பஸ்ஸுக்கு என்ன சொல்லியிருப்பம்?" என்று அண்ணன் ஒருநாள் கேட்டான். அன்று தொடங்கியது. கப்பலுக்கான சொல்லைச் சுருக்கி வாகரைக்குப் போகும் பஸ்ஸுக்கு வைத்தோம், தேனுக்கானதைக் குச்சியில் விற்கும் ஐஸ்பழத்துக்கு, கடலைக் குறிக்கும் நீட்டுச் சொல்லின் வாலை வெட்டித் தண்ணீருக்குத் 'தியோ'.

அம்மாவின் காதில் விழுந்தது. "அது தெய்வத்துட வாக்கு மனே, ஐஸ்பழக்காரனக் கூப்பிடவா தந்தது? இன்னொருக்கா கேட்டா வாயில சூடு வைப்பன்" என்றார். நாங்கள் ஆற்றங்கரைக்குப் போய்ப் பேசினோம்.

அந்த மாரியில் அண்ணனுக்குக் காய்ச்சல் ஏறியது. கண் செருகியபடி "தியோ, தியோ" என்று முனகினான். பக்கத்து வீட்டு மாமி "தெய்வம் வந்திட்டுகா!" என்று கும்பிட்டு விழ, அம்மா கற்பூரம் கொளுத்தினார், கட்டாடியாரைக் கூப்பிட ஆள் ஓடியது. எல்லாரும் கைகூப்பி நிற்க, அவனுக்கு உதடு வெடித்து நாக்கு உள்ளே இழுத்தது. என்ன கேட்கிறான் என்று எனக்கு மட்டும் தெரியும். சொன்னால் நாங்கள் விளையாட்டை விடவில்லை என்று தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் அண்ணன் இல்லை. செம்பைத் தூக்கிக்கொண்டு புகுந்தேன்.

"சாமிக்கு முன்னால என்னடி செய்யுறாய்?" அம்மா கை ஓங்கினார்.

"சாமியில்லம்மா, அண்ணன். தண்ணி கேக்கான்."

செம்பு காலியாகும்வரை குடித்துவிட்டு அவன் மறுபடி "தியோ" என்றான். ஓங்கிய கை இறங்கியது. அம்மாவே செம்பை வாங்கி நிரப்பினார். அதன்பிறகு எங்களை ஏசவுமில்லை, சரியென்று சொல்லவுமில்லை.

அந்தக் கட்டாடியார் இப்போது இல்லை. அடுத்து வந்தவருக்கு அந்தச் சொற்கள் வரவில்லை, சடங்கு முழுக்கத் தமிழில் நடக்கிறது. அண்ணன் கத்தாரில் வேலை செய்கிறான், அங்கே பஸ் பிடித்த கதையை இன்னும் எங்கள் சொல்லில்தான் சொல்கிறான். அம்மா கண்மூடுமுன் படுக்கையில் கேட்டதும் "தியோ"தான். வாயில் ஊற்றினேன். நாங்கள் செய்தது பாவமா, அந்தச் சொல்லை அம்மாவுக்குத் தெய்வம்தான் கொடுத்ததா என்று ஒவ்வொரு சடங்கிலும் கும்பிட்டுக் கேட்கிறேன், மனம் அடங்குகிறதில்லை.

இதைப் பிறருக்குச் சொல்பவர்கள் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். எங்கள் முன்னோரின் சொல் என்று பெருமைக்காக மாற்றிவிடாதீர்கள். அது இரண்டு பிள்ளைகள் கட்டின சொல். கேட்டவர்களுக்குத் தண்ணீர் கிடைத்த சொல்.