அடுப்பறைக் கதவு

ரஸ்க்காரர் என்றால் அந்தத் தெருவில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். பேக்கரி வைத்திருப்பதால் மட்டும் வந்த பேர் இல்லை. ஆளும் அப்படித்தான், காய்ந்து விறைத்தவர். கடித்தால் நம் பல்லுக்குத்தான் சேதம். அவருக்கு முன்பக்கம் கடை, நடுவில் அடுப்பறை, பின்பக்கம் வீடு. அடுப்பறைக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு கதவு உண்டு. அதை யாரும் சாத்திப் பார்த்ததில்லை. மாவு பொங்கிவிட்டதா, தட்டுகளுக்கு எண்ணெய் தடவியாகிவிட்டதா, மூக்குக் கண்ணாடி எங்கே என்று எல்லாவற்றுக்கும் அந்தக் கதவைப் பார்த்து "இந்தா!" என்று ஒரு குரல் கொடுப்பார். மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்பார். குடும்பம் நடத்துவது என்றால் இதுதான் என்று கல்யாணமான நாளிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் சுகாதார ஆய்வாளர் வந்தார். இளம்பெண், வாசலிலேயே தலைக்குத் தொப்பி மாட்டிக்கொண்டுதான் உள்ளே நுழைந்தார். மேசைக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார். கடைசியில் திறந்திருந்த கதவு வழியே கட்டிலும் கொடியில் காயும் துணிகளும் கண்ணில் பட்டன.

"சார், கடை சுத்தமாத்தான் இருக்கு. ஆனா இந்தக் கதவு இருக்கக் கூடாது. படுக்கிற இடத்துலேருந்து பண்டம் செய்யிற இடத்துக்கு வழி வைக்கக் கூடாதுன்னு சட்டம். செங்கல் வச்சு அடைச்சிடுங்க. இல்லன்னா லைசென்ஸ் போயிடும்."

"என் வீடு, என் கடை, என் சுவரு. நான் எங்க கதவு வைக்கணும்னு அரசாங்கமா சொல்றது?"

"வீடு உங்களோடதுதான் சார். பன்னு தின்னுறவங்க வயிறு உங்களோடது இல்லையே."

ரஸ்க்காரருக்குக் கோபம் இரண்டு மடங்காக வந்தது.

அந்தக் கோபம் ஆறுவதற்குள் வியாபாரிகள் சங்கச் செயலாளர் வந்து நன்றாக ஊதிவிட்டார். "இன்னைக்குக் கதவும்பாங்க, நாளைக்குக் கல்லாப்பெட்டியில கை வைப்பாங்க. விடக் கூடாதுண்ணே! கேஸ் போடுவோம்." கூட்டம் கூட்டி இவர் கையில் மைக்கையும் கொடுத்தார்கள். ரஸ்க்காரர் தொண்டை கட்டும்வரை உரிமை, உரிமை என்று முழங்கினார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் குழப்பம் பிடித்துக்கொண்டது. செயலாளர் சொன்னதும் நியாயமாகப் பட்டது, அந்தப் பெண் சொன்னதும் நியாயமாகப் பட்டது. வேறு கடையில் வாங்கித் தின்று தன் வயிறு கெட்டிருந்தால் அந்தக் கடைக்காரனின் உரிமையைப் பற்றித் தான் என்ன பேசியிருப்பார்? நினைக்க நினைக்கத் தலை கிறுகிறுத்தது. பாழாய்ப்போன ஒரு கதவுக்கு இத்தனை யோசனையா என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு வக்கீலைப் பார்க்கப் போறேன். கதவை அடைக்க விடமாட்டேன். உனக்காகத்தான் சொல்றேன். அடைச்சிட்டா, நான் கூப்பிடுறப்பல்லாம் நீ தெருவைச் சுத்திக்கிட்டுல்ல வரணும்?"

"புகார் கொடுத்ததே நான்தாங்க."

அவருக்குக் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

"அந்த ஆபீசுக்குப் போன் பண்ணி நான்தான் சொன்னேன்" என்றார் மனைவி. மடிப்பதை நிறுத்தவில்லை. "போன மழையில காய்ச்சலோட மாவு பிசைஞ்சுக்கிட்டு நின்னேனே, ஞாபகம் இருக்கா? 'இருமாத, பன்னு மேல படும்'னு சொன்னீங்க. போய்ப் படுத்துக்கோன்னு சொல்லலை."

ரஸ்க்காரர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அரசாங்கம் என்றால் கத்தலாம், கேஸ் போடலாம். இதற்கு எந்தக் கோர்ட்டுக்குப் போவது? கோபப்படலாம் என்று பார்த்தார், முடியவில்லை. வெட்கமாக இருந்தது. அவமானமாகவும் இருந்தது. எது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

மறுநாள் அவர் வக்கீல் வீட்டுக்குப் போகவில்லை. சுகாதார அலுவலகத்துக்குப் போய், ஒரு ஜன்னலாவது வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். திறக்க முடியாத கண்ணாடி என்றால் வைக்கலாம் என்றார் அந்தப் பெண். சங்கத்தை நட்டாற்றில் விட்டுவிட்டதாகச் செயலாளர் ஊரெல்லாம் திட்டினார்.

கொத்தனார் வந்தார். கதவையும் நிலையையும் பெயர்த்து எடுத்த இடத்தில் சுவர் நெஞ்சு உயரம் எழும்பியது. அடுப்பறைப் பக்கம் இவர், வீட்டுப் பக்கம் மனைவி. இன்னும் முகம் தெரிந்தது.

"ஒரு கண்ணாடி வச்சுக்கலாமாம். ஆனா திறக்க முடியாதாம். வைக்கட்டுமா?"

மனைவி கொஞ்சம் யோசித்தார். "நீங்க அங்கேருந்து கூப்பிட்டா எனக்குக் கேக்குமா?"

"கேக்காது."

"அப்ப வைங்க."

ரஸ்க்காரருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கொத்தனார் பக்கம் திரும்பி, "கொஞ்சம் பெருசாவே வைங்க" என்றார்.