வளையமும் கோடும்

என் அக்கா தர்ஃபாவால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் முதல் பேரீச்சம்பழத்தை வாயில் வைப்பதற்குள் எழுந்துவிட்டாள். "வெயில் ஏறிடுச்சு, இப்பதான் வெளியே வரும்" என்று சொல்லிவிட்டு நேரே என் வண்டியில் வந்து ஏறினாள். எது வெளியே வரும் என்று மாப்பிள்ளையின் தாயார் கேட்டிருக்கிறார். உடும்பு என்று அம்மா உண்மையைச் சொல்லிவிட்டாள். அந்தச் சம்பந்தம் அத்தோடு போயிற்று.

முள்வால் உடும்பைத்தான் சொல்கிறேன். வசந்தம் பிறந்தால் எங்கள் ஊரான ஸுல்ஃபியின் ஆண்களில் பாதிப் பேர் அதைத் தேடிப் பாலைக்குப் போவார்கள், பிடித்துச் சோற்றோடு சமைக்க. தர்ஃபாவும் தேடித்தான் போவாள், எத்தனை பிழைத்திருக்கின்றன என்று பார்க்க. பல்கலைக்கழகத்தில் அவளுக்கு அதுதான் ஆராய்ச்சி. பெண்களுக்கு ஓட்டுநர் உரிமம் கிடைக்காத காலம் அது, ஆகவே என் தலையில் விடிந்தது. ஒவ்வொரு வசந்தத்திலும் என் டயர் கடையைப் பூட்டிவிட்டு அவளோடு அலைந்தேன். தார்ச்சாலையில்தான் வம்பு, மணலில் எங்கள் பெண்கள் ஓட்டினால் யாரும் கேட்கமாட்டார்கள். அவளுக்கும் ஓட்டச் சொல்லிக் கொடுத்தேன். சாவியை மட்டும் கொடுத்ததில்லை. கொடுத்தால் வீடு திரும்பமாட்டாள் என்று பயம்.

வேலை இதுதான். பிடிப்பாள், எடை போடுவாள், பின்னந்தொடையில் மெல்லிய சூடான கம்பியால் அடையாளம் வைத்து விட்டுவிடுவாள். உடும்பு தன் தோலை உரித்துப் போட்டாலும் அந்தத் தழும்பு போகாது. மறு வசந்தத்தில் எவை உயிரோடு இருக்கின்றன என்று தேடுவாள். எங்கள் பள்ளத்தாக்கில் வேட்டையைத் தடுக்க வேண்டுமா என்று அரசாங்கம் அவளிடம்தான் கேட்டிருந்தது. சூடு போட்டவை அநேகமாக எல்லாமே பிழைத்திருந்தன. வேட்டையால் சேதமில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

"சுத்தி இருக்கிற வளையெல்லாம் காலியா கிடக்கு. என்னோடது மட்டும் எப்படிடா தப்பிக்குது?"

"செத்தாலும் நீ விடமாட்டேன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"விளையாடாத முத்லக்."

"இதுதான் கடைசி வசந்தம்னு வாக்குக் கொடுத்திருக்கே. அதை மறக்காத."

கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவாள் என்றுதான் நம்பினேன்.

அந்த வாரம் சித்தப்பா ஹமூத் தன் கூடாரத்துக்கு எங்களை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தார். தர்ஃபா ஆராய்ச்சியை முடிக்கப் போகிறாள் என்று அவருக்கு ஒரே பெருமை. பெரிய தட்டில் சோறு, மேலே உடும்புக் கறி. நான் இரண்டு கவளம் இறக்கிவிட்டேன். தர்ஃபா கை கழுவப் போனவள் உரித்த தோல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதில் ஒரு வளையம், கீழே ஒரு கோடு.

"சித்தப்பா, இது என்னோடது."

"பின்ன? பாத்துத்தானே புடிச்சேன். நம்ம ஒட்டகத்துக்குப் போடற சூடுதானே இது?"

ஆமாம், அதேதான். வேறு அடையாளம் யோசிக்கச் சோம்பல்பட்டு, குடும்பத்துச் சூட்டையே கம்பியில் வளைத்துக் கொடுத்தவன் நான்.

"புடிச்சு அறுத்துட்டீங்களே."

"நம்ம சொத்தை நாம திங்காம யாரு திம்பா? வேத்தாள் எவனும் தொடமாட்டான் மகளே. போன வாரம்கூட பக்கத்துக் கூடாரத்துக்காரன், ஹமூத் வீட்டு உடும்பு மாட்டிக்கிச்சு, அவுத்து விட்டுட்டேன்னு ஆளனுப்பிச் சொன்னான். இத்தனை வருஷமா எல்லாரும் அப்படித்தான்."

தர்ஃபா உட்கார்ந்தாள். அவளாக உட்கார்ந்து நான் அன்றுதான் பார்த்தேன். எனக்கும் புரிந்தது. சூடு போட்டதால்தான் அவை பிழைத்தன. சூடு இல்லாதவையெல்லாம் சட்டிக்குப் போயிருந்தன. அவள் கணக்கு முழுக்கப் பொய்.

வண்டிக்கு நடக்கும்போதே சொல்லிவிட்டாள்.

"மறுபடியும் முதல்லேருந்து செய்யணும். ஆள் கண்ணுக்குத் தெரியாத அடையாளமா வைக்கணும்."

"அக்கா, கணக்கு தப்புன்னு நம்ம ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். சித்தப்பாவுக்கே இதோட அர்த்தம் தெரியாது. எழுதினதைக் கொடுத்துட்டு வந்துடு."

"கொடுத்தா வேட்டையைத் திறந்து விட்டுடுவாங்க. மிச்சம் இருக்கிறதும் போயிடும்."

"போகட்டுமே. என் கடை போச்சே, கேட்டியா? உடும்புப் பிடிக்கு உன்கிட்டதான் வரணும்."

"கேக்கல. தப்புதான்" என்றாள். அவள் குரல் உடைந்திருந்தது. "ஆனா பொய்யை எப்படிடா கையெழுத்துப் போட்டுக் கொடுக்கறது?"

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அவள் மீது பாதி, அந்தக் கம்பியை வளைத்த என் கை மீது பாதி. சாவியை மணலில் வீசினேன். "இனிமே நான் ஓட்டமாட்டேன். நீயாச்சு, உன் உடும்பாச்சு."

அவள் குனிந்து சாவியை எடுத்தாள். ஊதி மணலைத் தட்டினாள். சுற்றி வந்து என் இடத்தில் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினாள். கூடாரத்து வாசலில் சித்தப்பா காப்பிக் கோப்பையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் நானும் மறுபக்கம் ஏறினேன்.

வண்டி வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. பள்ளத்தாக்கை நோக்கி மணல்மேட்டில் ஏறி, மறுபக்கம் சரசரவென்று இறங்கியது. என் வலது கால் தரையைப் போட்டு மிதித்துக்கொண்டிருந்தது.

"காலை எடு தம்பி" என்றாள் தர்ஃபா, பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல். "பிரேக் இந்தப் பக்கம் இருக்கு."