இருநூறு ஸ்டாம்பும் ஒரு கவரும்

கொரோனா ஓய்ந்து கம்பெனி திறந்த வருஷம். ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் எனக்கு டிரிம்மிங் வேலை. தோல் ஓரத்தில் பிசிறு இருந்தால் வெட்டி நேராக்க வேண்டும். பிசிறோடு போனால் செக்கர் திருப்பி அனுப்பிவிடுவார். பதினெட்டு வருஷமாக அதே வேலை.

ஆபீசில் பழைய பீரோவைக் காலி செய்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த கவர்கள் ஒரு மூட்டை. குப்பைக்குப் போக இருந்தது. கேட்டேன், கொடுத்தார்கள். பழைய ஸ்டாம்புக்கு நல்ல விலை உண்டு என்று போனில் ஒரு வீடியோவில் ஒருவர் பேசியதைப் பார்த்திருந்தேன். மகள் பிளஸ் டூ. காலேஜ் பீசுக்கு வழி பிறந்துவிட்டது என்று கம்பெனி பஸ்ஸில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தேன். இருநூறுக்கு மேல் தேறியது. காய்ந்ததும் பார்த்தால் எல்லாவற்றுக்கும் ஓரம் பல் பல்லாக இருந்தது. அவசரத்தில் கையால் கிழித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். கத்தரியை எடுத்தேன்.

மனைவி அதே கம்பெனியில் தையல் பிரிவு. பார்த்துவிட்டு, "இன்னாய்யா, அது வரும்போதே அப்படித்தான வருது. உட்டுடேன்" என்றாள்.

"நீ தைக்கறவ. வெட்றத பத்தி உனக்கு இன்னா தெரியும்?"

ஐந்து ஞாயிற்றுக்கிழமை வெட்டினேன். ஒன்றுகூடக் கோணவில்லை.

வேலூரில் ஸ்டாம்பு சேர்ப்பவர்கள் ஒரு ஹாலில் கூடுவதாகக் கேள்விப்பட்டுக் கிளம்பினேன். மனைவி ரேஷன் கார்டு வைத்திருந்த கவரைக் காலி செய்து, ஸ்டாம்பை எல்லாம் அதில் போட்டுக் கொடுத்தாள்.

அங்கே ஒரு பெரியவர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

"யாருப்பா வெட்னது?"

"நான்தாங்க."

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு உடலீங்க."

நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். நான் நிமிர்ந்து நின்றேன்.

"வேலை சுத்தம்" என்றார். "ஆனா பல்லுலதாம்பா மதிப்பே. பல்லு போச்சுன்னா வெறும் காகிதம்."

உட்கார்ந்துவிட்டேன். பெரியவர் டீ வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டு ஸ்டாம்பைத் திரும்ப அள்ளிப் போடும்போது என் கையைப் பிடித்தார். கவரைப் பார்த்தார். அதன் மூலையில் ஒரு ஸ்டாம்பு, பல்லோடு, முத்திரையோடு இருந்தது. மூட்டை வந்த அன்றே மனைவி எடுத்து வைத்துக்கொண்ட கவர்.

"இத ஏன் உட்டுட்ட?"

"இதுல ரேஷன் கார்டு இருந்திச்சிங்க."

அவர் சிரித்து முடிக்க நேரமானது. "ஸ்டாம்பு இப்பிடி முழுக் கவரோட இருந்தா மதிப்பு இன்னும் ஜாஸ்தி. இத விக்காத. இதுல இருந்து ஆரம்பி. கத்தரிய மட்டும் கம்பெனியிலயே உட்டுட்டு வா" என்றார்.

வீட்டில் சொன்னேன். மனைவி சிரிக்கவில்லை. "தைக்கறவ சொன்னா யாரு கேக்கறது" என்றாள். ரேஷன் கார்டுக்குப் பிளாஸ்டிக் கவர் வாங்கித் தரச் சொன்னாள்.

பீசுக்குக் கம்பெனியில் லோன் போட்டேன். பஸ்ஸில் இன்றைக்கும் என் பெயர் ஸ்டாம்புதான். இப்போது முப்பத்தொரு கவர் சேர்ந்திருக்கிறது. எதையும் வெட்டவில்லை.

வேலையிலும் ஓரம் வித்தியாசமாக எது வந்தாலும், வெட்டுவதற்கு முன் அது அப்படித்தான் இருக்க வேண்டுமா என்று ஒருமுறை கேட்டுவிடுகிறேன். சூப்பர்வைசருக்குப் பேஜார்தான், ஆனால் இருநூறு ஸ்டாம்பு கொடுத்து வாங்கிய பழக்கத்தை நான் விடுவதாக இல்லை.