நடுப் பிண்டம்

மயிலாப்பூரின் மடி, ஆசாரம் பார்க்கும் வீடுகளில் அந்த நாளில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு வழக்கம் இருந்தது. விசேஷம் வந்தால் மருமகள் மாத்திரை போட்டு மாதவிலக்கைத் தள்ளிவிட வேண்டும். கல்யாணமானதிலிருந்து கோமளம் போட்டாள். நோன்பு, நவராத்திரி, நாத்தனார் பிள்ளைக்குப் பூணூல், எதுவும் தப்பவில்லை. லஸ் முனை மருந்துக்கடைக்காரர் அவள் தலையைக் கண்டதுமே மாத்திரைப் பட்டையைக் கத்தரிக்கத் தொடங்குவார். டாக்டர் சீட்டாவது, கேள்வியாவது!

குழந்தை இல்லையென்று அடையாறு டாக்டரம்மாவிடம் போனபோதுகூட அதைச் சொல்லத் தோன்றவில்லை. பேச்சுவாக்கில் வந்து விழுந்ததும் டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

“இதனாலதான் குழந்தை இல்லைன்னு சொல்லலை. ஆனா உங்க ஹார்மோன் கணக்கு எனக்குப் பிடிபடலை. இனிமே அதைத் தொடாதீங்க. இந்த மாசம் என் மருந்தோட பார்ப்போம். தேதி தள்ளினா தானாத் தள்ளணும்.”

தொண்ணூற்றாறு ஆவணி அது. அந்தத் தேதியும் மாமனார் திவசமும் பக்கத்தில் பக்கத்தில் வந்து தொலைத்தன. மாமியார் விசாலம் மாத்திரையும் சொம்புத் தண்ணீருமாக வந்து நின்றாள்.

“இந்த ஒரு மாசம் விட்டுடுங்கோம்மா. ஒருவேளை தங்கியிருந்தா?”

“இல்லேன்னா? நீ தூரமா ஒக்காந்துண்டா அவன் எப்படி திவசம் பண்ணுவான்? பித்ருக்கள் வயிறு குளுந்தாத்தான்டி நம்மாத்துல குழந்தை பொறக்கும்.”

கோமளம் கணவனைப் பார்த்தாள். கல்யாணராமன் ஆபீஸில் பத்துப் பேரை அதட்டுகிறவன். இங்கே வாயில் கொழுக்கட்டை. “அம்மா சொல்றாளே” என்றான், செருப்பை மாட்டிக்கொண்டே. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமியார் காலில் விழுந்துகூடப் பார்த்தாள். விசாலம் நகரவில்லை. அன்றைக்கும், அடுத்தடுத்த நாட்களும் கோமளம் மாத்திரையை விழுங்கினாள்.

திவசத்தன்று காலையிலும் ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் ஈரப்புடவையோடு அடுப்பு மூட்டினாள். தேதி தாண்டியிருந்தது. அது மாத்திரையா, குழந்தையா? யாரைக் கேட்பது? புகையைச் சாக்கு வைத்து அழுதாள்.

பிண்டம் வைத்து முடிந்ததும், திவசம் பண்ணிவைத்த வாத்தியார் நடுவில் இருந்த பிண்டத்தை எடுத்தார்.

“இது ஆத்துக்காரிக்கு. புத்திர பாக்கியத்துக்காகக் கொடுக்கறது. பல்லுல படாம முழுங்கணும்.”

எள்ளும் சாதமுமான அந்த உருண்டை அவள் கையில் வந்து உட்கார்ந்தது. விசாலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. நடிப்பில்லை, பேரக்குழந்தைக்கு நிஜமாகவே ஏங்குகிறவள்தான்.

“நன்னா வேண்டிண்டு முழுங்குடி.”

“காத்தால அந்த மாத்திரை போன வயித்துக்குத்தானேம்மா இதுவும் போறது?” என்று கேட்டாள் கோமளம், மெதுவாக.

விசாலம் தண்ணீர்ச் சொம்பை நகர்த்தி வைத்தாள். அதே சொம்பு. கோமளம் முழுங்கினாள்.