குடிலுக்கு முளைத்த கேழ்வரகு

என் சித்தி மகளைப் போல் சொன்ன பேச்சு கேட்கும் பிள்ளையை நான் பார்த்ததில்லை. அதனாலேயே அவளை எனக்குப் பிடிக்காது. எனக்குப் பத்து வயது, அவளுக்கு ஒன்பது. சித்தி பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனபோது அவளைச் செஞ்சியில் எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தாள். வந்த நாளிலிருந்து அவளுடைய துணிமணி மடித்தபடி ஒரு பைக்குள்ளேயே இருக்கும். பை கதவோரம் இருக்கும். என் துணிகள் கட்டிலுக்கு மேலும் கீழுமாகக் கிடக்கும். "அவளப் பாத்தாவது கத்துக்கடி. இன்னா பொறுப்பா வச்சிக்கிறா பாரு" என்று அம்மா சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சித்தி அம்மாவின் செல்போனில் கூப்பிடுவாள். "பெரிம்மா சொல்றத கேட்டுனு இருந்தின்னா கிறிஸ்மஸுக்கு வந்து கூட்டினு போறேன்" என்பாள். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்கும். போனை வைக்கும் முன் பெரியவர்கள் வழக்கமாகச் சொல்லும் பேச்சு என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த டிசம்பரில் மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் ஆளுக்கொரு பிடி கேழ்வரகு கொடுத்தார். மாதா கோவிலில் வைக்கும் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் புல் நாங்கள்தான் வளர்த்துக் கொண்டுவர வேண்டும். ஒரு ராத்திரி முழுக்க ஊறவைத்து, மறுநாள் மண்ணில் தூவி, கூடையால் மூடி வைக்க வேண்டும். முளைக்கும்வரை காலையும் மாலையும் கையால் தண்ணீர் தெளிக்க மட்டுமே திறக்கலாம். யாருடையது நன்றாக வளர்கிறதோ அது பாலன் இயேசுவின் காலடியில் இருக்கும். பெயிண்டரான என் நைனா எங்கள் இருவருக்கும் ஒரே மாதிரி பெயிண்ட் வாளி மூடி கொடுத்தார். எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறை மலை நிற்கும் ஊரில், குடிலுக்கென்று காகிதத்தைக் கசக்கி மலை செய்து, அதற்குப் பாறை நிறம் அடித்துக் கொடுப்பவரும் அவர்தான்.

நான் ஊறவைக்கவில்லை. அவளை முந்திவிட வேண்டுமென்று அன்றைக்கே தூவினேன். மணிக்கொரு தரம் கூடையைத் தூக்கிப் பார்த்தேன். இன்னும் முளைக்கவில்லையே என்று சொம்பு சொம்பாக ஊற்றினேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். பொறாமைக்காரிக்கு அந்த மட்டும் கிடையாது. பண்டிகைக்கு முதல் நாள் என் மூடியில் பூஞ்சை பிடித்து நாலு கீற்று சாய்ந்து கிடந்தது. அவளுடையது பச்சைப் பசேலென்று ஒரே மட்டமாக நின்றது.

கோவிலுக்குப் புறப்படும் நேரத்தில் மூடிகளில் இருந்த பெயர்ச்சீட்டுகளைப் பிய்த்து மாற்றி ஒட்டினேன். அவள் பார்த்துவிட்டாள்.

"யாரு கேட்டாலும் இதான் உன்னுதுன்னு சொல்லணும், இன்னா?" என்று அழுகியதை அவள் கையில் கொடுத்தேன்.

"சரிக்கா" என்றாள்.

சண்டைக்கு வந்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கோவிலில் சிஸ்டர் அவள் கையிலிருந்த மூடியை வாங்கிப் பார்த்து, "நீயா சொன்னபடி செய்யல?" என்று வருத்தமாகக் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் வளர்த்த பச்சை என் பெயரோடு பாலனின் காலடிக்குப் போயிற்று.

மறுநாள் கிறிஸ்துமஸ். சாயங்காலம் எல்லோரும் குடிலைச் சுற்றி நின்றபோது அவள் மட்டும் கோவில் வாசற்படியில், மடியில் பையோடு, ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். திருவண்ணாமலை வழியாக வரும் பெங்களூர் பஸ் அந்த ரோட்டில்தான் வரும். என்னிடம் தோற்ற துக்கம் என்று உள்ளுக்குள் குளிர்ந்துபோய்ப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அக்கா, நான் சொன்ன பேச்சு கேக்கலன்னு சிஸ்டர் எங்கம்மாகிட்ட சொல்லியிருப்பாங்களா?"

"சொல்லியிருப்பாங்க" என்றேன். நல்ல பிள்ளையின் முகம் வாடியதைப் பார்க்க எனக்கு இனித்தது.

அதற்குப் பிறகு மூன்று பஸ்கள் வந்தன. ஒவ்வொரு பஸ்ஸுக்கும் அவள் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றாள். அது போனதும் உட்கார்ந்தாள். கால் மரத்துப்போய்த்தான் எழுந்து நிற்கிறாள் என்று நினைத்தேன்.