வாரத்துக்கு நாலு விரதம்

என்னைப் போல் பக்தியான பெண்ணை எங்கள் காலேஜ் அதற்கு முன் பார்த்ததில்லை. திங்கட்கிழமை சிவனுக்கு, செவ்வாய்க்கிழமை முருகனுக்கு, வியாழக்கிழமை பாபாவுக்கு, வெள்ளிக்கிழமை அம்மனுக்கு. புதன்கிழமைக்கு மட்டும் எனக்குத் தெரிந்த சாமி யாரும் மாட்டவில்லை. அதனால் அன்றைக்கு மட்டும் மதியம் சாப்பிடுவேன். 'சாமியாரம்மா' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். உண்மையைச் சொன்னால், நான் கோயிலுக்குப் போய் விளக்கேற்றிய நாட்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். விரதமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. கொண்டுபோகச் சோறு இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

எங்கள் வீடு ஆம்பூரில். அப்பா தோல் பதனிடுகிற டேனரியில் வேலை பார்த்தவர். தோல் ஊறும் டிரம் பக்கத்தில் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து இடுப்பு போனது. அன்றிலிருந்து வீட்டில்தான். அம்மா ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிற லைனில் இருந்தாள். ஷூவின் மேல்பாகத்தை மெஷினில் தைக்கிற வேலை. பதினாலு வருஷ சர்வீஸ். நான் வேலூரில் பி.காம் சேர்ந்த அதே வருஷம் வெளிநாட்டு ஆர்டர் குறைந்துபோய், அம்மாவின் லைனுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை என்றார்கள்.

ரேஷன் அரிசி வந்தது, இல்லையென்று சொன்னால் வாய் அழுகிப்போகும். ஆனால் மூன்று வேளையும் அதையே பொங்கினால் மாதத்தின் பாதியிலேயே மூட்டை தட்டையாகிவிடும். காலேஜ் பெண்களுக்கு அரசாங்கம் போடும் பணம் வந்த அன்றைக்கே வாடகைக்குப் போய்விடும். தங்கை ஆறாவது படித்தாள், அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சோறு உண்டு. எனக்கும் பத்தாவது வரை போட்டார்கள், முட்டையோடு. பத்தாவது பாஸ் செய்தவளுக்குப் பசிக்காது என்று எந்த மகராசன் கண்டுபிடித்தானோ தெரியவில்லை.

அம்மாவின் சூப்பர்வைசர் ஒவ்வொரு மாதமும் கேட்பார், பெண்ணை அனுப்பு, ஸ்டிச்சிங்கில் போட்டுக்கொள்கிறேன் என்று. சின்னப் பெண்களின் கை வேகம் அவருக்கு வேண்டும். அம்மா மறுத்துக்கொண்டே இருந்தாள். ஆனால் காலேஜில் சேர்த்த அன்றைக்கே என்னிடம் ஒன்று சொல்லிவைத்தாள்.

"தோ பார் பாப்பா. நீ அங்க பட்டினி கெடந்து படிக்கிறன்னு மட்டும் தெரிஞ்சுது, அன்னிக்கே நிறுத்திடுவேன். படிப்பும் வாணா, ஒண்ணும் வாணா. கம்பெனிக்கு வந்தா மத்தியானம் கேன்டீன்ல சோறாவது நிச்சயம்."

அம்மா சொன்னால் செய்வாள். அதனால் எனக்கு வழி ஒன்றுதான் இருந்தது. நான் பசியோடு இருப்பது அம்மாவுக்குத் தெரியவே கூடாது. பாக்ஸ் எடுக்காத நாளெல்லாம் வீட்டில், "என் தோழி எனக்கும் சேத்து கொண்டார்றாம்மா, அவங்க வூட்ல ஜாஸ்தியா செய்வாங்க" என்று சொல்லி, என் பங்குச் சோற்றைப் பானையிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினேன். அது அப்பாவுக்கு மத்தியானத்துக்கு ஆகும். காலேஜில் அந்தத் தோழியிடம் வேறு கதை சொல்ல வேண்டியதாயிற்று.

அவளும் ஆம்பூர்தான், பாய் வீட்டுப் பெண். காலையில் ஒரே ரயிலில் காட்பாடி வரை வருவோம், அங்கிருந்து டவுன் பஸ். முதல் வெள்ளிக்கிழமை மதியம் அவள் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே, "இன்னாடி, நீ எடுக்கல?" என்றாள். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"வெள்ளிக்கெழம இல்ல? விரதம்டி."

அவள் உடனே பாக்ஸை மூடிவிட்டாள். "அய்யோ, சாரிடி. உன் எதிர்லயே தொறந்துட்டனே" என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறையாக எழுந்து, வராந்தா கடைசிக்குப் போய், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டாள். நோன்பு வைக்கிற குடும்பம், அவளுக்கு அதன் அருமை தெரியும். நான் பயந்தது கேள்விகளுக்கு. கிடைத்தது மரியாதை. சோறில்லாதவளைப் பார்க்கிற பார்வை ஒன்று இருக்கிறதே, அதிலிருந்து தப்பித்ததே பெரிய விஷயம். அதற்கு மேல் மரியாதையும் கிடைத்தால் யார் விடுவார்கள்? அடுத்த மாதம் செவ்வாய் சேர்ந்தது. அதற்கடுத்து திங்கள், வியாழன்.

நான் செய்த முட்டாள்தனம் பிறகுதான் புரிந்தது. வீட்டில் அரிசி இருக்கிற வாரத்திலும் என்னால் பாக்ஸ் கொண்டுபோக முடியவில்லை. "இன்னாடி, முருகன் கூட சண்டையா?" என்று வகுப்பே கிண்டல் செய்யும். சாமிக்குப் பயந்து யாராவது பட்டினி கிடக்கலாம். நான் என் வகுப்புப் பெண்களுக்குப் பயந்து கிடந்தேன்.

பசி வந்தால் எனக்கு அழுகை வராது, கோபம்தான் வரும். மதியம் இரண்டாவது பீரியடில் பேனா கடன் கேட்டவளிடம்கூட எரிந்து விழுவேன். குழாய்த் தண்ணீரை வயிறு முட்டக் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் உள்ளே தளும்பும். போர்டில் எழுதியது இரண்டிரண்டாகத் தெரியும். என் தோழிதான் எல்லாவற்றுக்கும் சமாதானம் சொல்வாள். "விடுங்கடி, அவ விரதத்துல இருக்கா, பேஜார் பண்ணாதீங்க." அவள் அப்படிப் பரிந்து பேசும்போது எனக்கு அவள் மேல்தான் அதிகக் கோபம் வரும். இவள் ஏன் இவ்வளவு சுலபமாக நம்புகிறாள் என்று.

இரண்டாம் வருஷம் ரம்ஜான் மாதம் வந்தது. மாலை ரயிலில் வரும்போது பாதி வழியில் பொழுது சாய்ந்துவிடும். அவள் போனில் பாங்கு ஒலித்ததும் பையிலிருந்து பேரீச்சம்பழமும், பிளாஸ்கில் நோன்புக் கஞ்சியும் எடுப்பாள். முதல் நாளே என்னைக் கேட்டாள்.

"உன்து எப்போ முடியும்?"

"பொழுது போனா முடிஞ்சிடும்."

"அப்போ ரெண்டு பேருக்கும் ஒரே டைம்தான். வா, சேந்து தொறக்கலாம்."

மறுநாளிலிருந்து அவள் அம்மா இரண்டு டம்ளர் வைத்து அனுப்பினார். பூண்டும் இஞ்சியும் தேங்காய்ப்பாலும் போட்ட சூடான கஞ்சி, ஒரு சமோசா, மூன்று பேரீச்சம்பழம். அவள் கண்ணை மூடி துவா கேட்பாள். நானும் மூடிக்கொள்வேன். எனக்குக் கேட்க ஒன்றும் இருக்காது, கஞ்சி ஆறுவதற்குள் இவள் முடித்தால் தேவலை என்று இருக்கும். காலேஜில் சேர்ந்து அதுவரை நான் நன்றாகச் சாப்பிட்டது அந்த ஒரு மாதம்தான். மாதம் முடிந்து பெருநாள் பிறை தெரிந்தபோது ஊரே சந்தோஷப்பட்டது, எனக்கு நாளையிலிருந்து கஞ்சி இல்லையே என்று இருந்தது. அவள் நிஜமாக நோன்பு இருந்தாள், நான் பொய்யாக இருந்தேன், கஞ்சி இரண்டு பேருக்கும் ஒன்றாகத்தான் கிடைத்தது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அதே வருஷம் டிபார்ட்மென்ட் விழா ஒரு வெள்ளிக்கிழமையில் வந்து தொலைந்தது. ஆம்பூரிலிருந்து மாஸ்டரை வரவழைத்து, காலேஜ் பின்பக்கமே பெரிய டேக்சாவில் பிரியாணி தம் போட்டார்கள். பத்து மணிக்கே வாசனை வகுப்புக்குள் வந்துவிட்டது. நான் முதல் நாள் ராத்திரி சாப்பிட்டது, அதுவும் ரசம் சோறு. இன்றைக்கு மட்டும் விரதத்தை விட்டுவிட்டேன் என்று சொல்லலாமா என்று மனசுக்குள் ஆயிரம் கணக்குப் போட்டேன். அதற்குள் எங்கள் மேடம் வந்து எல்லார் முன்னாலும் என் தோளில் கை வைத்தார்.

"இந்தப் பொண்ணப் பாத்துக் கத்துக்கோங்க. பிரியாணி வாசனை இந்த தூக்கு தூக்குது, அசையறாளா பாருங்க. இந்த வயசுல இந்தக் கட்டுப்பாடு யாருக்கு வரும்? இவளுக்கு ஒரு வாழப்பழம் குடுத்துடுங்கம்மா."

எல்லாரும் கை தட்டினார்கள். கை தட்டிய பிறகு எப்படி வாயைத் திறப்பது? பிறகு ஒருத்தி கரண்டியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். "நீதான் சாப்ட மாட்டியே, நீயே பரிமாறிடு. நாங்க உக்கார்றோம்."

பரிமாறினேன். அறுபது பேருக்கும் நான்தான். தட்டுக்கு ஒரு கரண்டி, ஒரு கறித்துண்டு, ஓரத்தில் கத்திரிக்காய். "இன்னும் கொஞ்சம் போடுடி" என்பவளுக்கு இன்னும் கொஞ்சம். "போதும் போதும், வீணாய்டும்" என்பவளைப் பார்த்தால் அறையலாம் போல இருக்கும். எல்லாம் முடிந்து கை கழுவப் பாத்ரூமுக்குப் போனேன். தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். கரண்டி பிடித்த கையில், விரல் இடுக்கிலும் நகக்கண்ணிலும் மசாலாவும் இரண்டு மூன்று பருக்கையும் ஒட்டியிருந்தன. கழுவவில்லை. நக்கினேன். மணிக்கட்டு வரை நக்கிவிட்டு அங்கேயே நின்று அழுதேன். பசியில் எனக்கு அழுகை வந்தது அந்த ஒரு தடவைதான்.

வெளியே வந்தபோது என் தோழி வாழைப்பழத்தோடு நின்றிருந்தாள். "கண்ணு ஏண்டி சிவந்திருக்கு?" என்றாள். வெங்காயப் பச்சடி என்றேன். அதையும் நம்பினாள்.

மூன்றாம் வருஷம், கடைசி செமஸ்டருக்கு முன்னால், பெற்றோரை வரச் சொன்னார்கள். அம்மாவுக்கு அன்றைக்குக் கம்பெனியில் வேலை இல்லாத நாள். இருப்பதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். மேடம் என் மார்க்கைச் சொன்னார், அம்மாவின் முகம் அப்படியே பூரித்துப்போனது. வெளியே வந்ததும் என் தோழி ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் தடுக்கப் போவதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"ஆன்ட்டி, நீங்களாவது சொல்லுங்க. எக்ஸாம் வருது, இவள விரதத்தக் கொஞ்சம் கம்மி பண்ணச் சொல்லுங்க. வாரத்துல நாலு நாள் மத்தியானம் ஒண்ணுமே சாப்டறதில்ல. மூணு வருஷமா நானும் சொல்லிச் சொல்லிப் பாக்கறேன். நான் எடுத்தார்றதயும் தொட மாட்டேங்கிறா."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் காலேஜ் வாழ்க்கை அந்த வராந்தாவிலேயே முடிந்தது என்று நினைத்தேன். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். அம்மா சிரித்தாள்.

"ஆமா கண்ணு. சின்ன வயசுலர்ந்தே இவ அப்டித்தான். வேண்டுதல்ல பொறந்த புள்ள. நானும் சொல்றேன், எங்க கேக்கறா?" என்று சொல்லி அவள் கன்னத்தைத் தடவினாள். "நீ நல்லா இருப்ப, தாயி."

பொய் சொல்ல நான் யாரிடம் கற்றேன் என்று அப்போது தெரிந்தது.

அம்மா என் கையைப் பிடித்துக் காட்பாடி பஸ்ஸில் ஏற்றினாள். ஸ்டேஷனில் இட்லிப் பொட்டலம் வாங்கி என் மடியில் வைத்தாள். "தின்னு" என்றாள். நான் தின்று முடிக்கிற வரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தினி நாளா?"

"ஃபர்ஸ்ட் இயர்லர்ந்து."

"நெதமும் சாப்ட்டேன் சாப்ட்டேன்னு சொன்னியே, பாவி."

திட்டியிருந்தால் பரவாயில்லை, அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, ஜனங்கள் போய் வருகிற பிளாட்பாரத்தில் குலுங்கிக் குலுங்கி அழுதாள். "நிறுத்திடாதம்மா, இன்னும் நாலு மாசம்தான்" என்று நான் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன்.

அம்மா நிறுத்தவில்லை. அடுத்த திங்கட்கிழமை சூப்பர்வைசரிடம் போய், தன்னை மெஷினிலிருந்து எடுத்துக் கேன்டீனில் போடச் சொல்லிக் கேட்டாள். கேன்டீனுக்கு வாரம் ஆறு நாளும் வேலை உண்டு. மிஞ்சின சோற்றைப் பாத்திரம் கழுவுகிறவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போகலாம். லைனில் எல்லாரும் சிரித்தார்களாம். புதிதாக வருகிற பெண்களுக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவள், அவர்கள் தின்ற தட்டைக் கழுவப் போனாள். அம்மா இதை என்னிடம் சொல்லவில்லை, பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள். அதன் பிறகு எனக்குத் தினமும் பாக்ஸ் இருந்தது. சாம்பார் சாதம், புளி சாதம், சில நாள் முட்டை. வெள்ளிக்கிழமை நான் பாக்ஸைத் திறந்ததைப் பார்த்த என் தோழி, "அப்பாடா, ஆன்ட்டி சொன்னாதான் கேப்பியா?" என்று சந்தோஷத்தில் என் முதுகில் ஒரு குத்து விட்டாள்.

டிகிரி முடித்தேன். இப்போது சென்னையில் ஒரு ஆபீஸில் கணக்குப் பார்க்கிறேன், மாதச் சம்பளம் வருகிறது. அம்மாவைத் திரும்ப மெஷினுக்குப் போகச் சொன்னேன். போய்க் கேட்டாள். கை வேகம் போய்விட்டது என்று சொல்லிவிட்டார்களாம். இன்னும் கேன்டீனில்தான் இருக்கிறாள். விட்டுவிடு என்றால் சண்டைக்கு வருகிறாள்.

தினமும் மதியம் ஒன்றரைக்கு போன் வரும். "சாப்ட்டியா?" என்பாள். "சாப்ட்டேம்மா" என்றால் போதாது. நான் சொல்லும் மற்ற எதையும் அம்மா நம்புவாள். சம்பள உயர்வு, ஜுரம் விட்டது, பஸ் லேட்டு, எல்லாம் நம்புவாள். இந்த ஒரு வார்த்தையை மட்டும் நம்ப மாட்டாள். வீடியோ காலில் தட்டைக் காட்ட வேண்டும். காலித் தட்டு செல்லாது. சோறு இருக்கும்போதே காட்டி, பிசைந்து, அவள் பார்க்க முதல் வாயை வைக்க வேண்டும். ஆபீஸில் எல்லாரும் சிரிக்கிறார்கள். போனுக்குள் அம்மா, கேன்டீன் புகைக்கு நடுவில், ஈரக் கையோடு, நான் மென்று விழுங்குகிற வரை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.